பொண்ணு விசாரிக்க வந்தவரு

அந்தச் சேருல ஒக்காராதீங்கண்ணே, அதுக்கு ஒரு காலு வெடிச்சிருக்குது. போன வாரம் எங்க வூட்டுக்காரரு ஒக்காந்து அப்பிடியே சாஞ்சாரு, புள்ள அன்னிக்குப் பூரா கைதட்டிச் சிரிச்சிது. தோ, இந்த நீலச் சேரு நல்லாருக்கும். ஒக்காருங்க. வெயிலு மூஞ்சில அடிச்சா இந்தப் பக்கம் நவுந்துக்குங்க. எதுத்த வூடு பூட்டித்தான் கெடக்குது. கலியமூர்த்தி மாமாவும் அத்தையும் திட்டக்குடியில ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. பந்தியில சாப்ட்டு, மொய் எழுதி, பஸ்ஸு புடிச்சி வரதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.

நீங்க வாயத் தொறக்கவே வேணாம், எனக்குப் புரிஞ்சிடுச்சி. பொண்ணு விசாரிக்கத்தான வந்திருக்கீங்க?

தலய ஆட்டாதீங்கண்ணே. விசாரிக்க வரவங்க அத்தன பேரும் மொதல்ல இல்லன்னுதான் சொல்வாங்க. ஒருத்தரு மனை பாக்க வந்தேன்னாரு. இன்னொருத்தரு தண்ணி வரி விசாரிக்க வந்தேன்னாரு, மஞ்சத் துணிப் பையில இருந்து ஜாதக நோட்டு எட்டிப் பாக்குது! கல்யாணத்துக்கு முன்னாடி எதுத்த வூடு, பக்கத்து வூட்ல நாலு வார்த்த கேக்கறது ஊரு வழக்கந்தான, அதுல கூச்சப்பட என்னா இருக்குது? மாமாவுக்குத் தெரிஞ்சவரா? சரி, தெரிஞ்சவராவே இருங்க. கேக்கறதக் கேளுங்க. தண்ணி குடிங்க மொதல்ல.

எம் பேரு கனகா. வூட்டுக்காரரு தங்கதுரை, பாலக்கரைக்கும் ஜங்ஷனுக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. இது எங்க பொண்ணு, கயல்விழி. ஏய் கயலு, மாமா ஷூ கயித்த உருவாத. கடிக்க மாட்டாண்ணே, வாசன மட்டும் பாப்பா. நான் பொறந்தது மங்களூரு. கப்பலு வர மங்களூரு இல்ல, நம்ம திட்டக்குடிகிட்ட இருக்கற மங்களூரு. கம்பும் மக்காச்சோளமும் வெளையும். அங்க ஊரு ஸ்கூல்ல பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன், சயின்ஸ் குரூப்பு கூட இல்ல. கல்யாணம் கட்டி இங்க வந்தப்பறம் செராமிக் யூனிட்டுல கிளேசு முக்கற வேல.

கிளேசுன்னா, பீங்கானு மேல பளபளன்னு ஒரு பூச்சு இருக்குதில்ல, அதான். வெள்ளப் பவுடரு மூட்டையப் பிரிச்சி மில்லுல கொட்டி, தண்ணி வுட்டு அரைப்பாங்க. தோச மாவு பதத்துக்கு வரும். அதுல கரண்டு பீஸ் கட்டை, ஊறுகா ஜாடி எல்லாத்தையும் முக்கி முக்கி எடுத்து அடுக்கணும். பஜ்ஜி போடத் தெரிஞ்சவங்களுக்கு இந்த வேல தானா வரும். அப்பறம் சூளைக்குப் போவும். கலியமூர்த்தி மாமா அதே யூனிட்டுல சூளைக்குத் தீ பாக்கறவரு. அவரு பொண்ணுதான் சிவசங்கரி. நாங்க சங்கரிம்போம்.

ஆளு எப்பிடின்னா கேக்கறீங்க? தங்கமான பொண்ணு. ஒரே ஒரு கொற, வாய்க்கு வந்தத சொல்ல மாட்டா, கண்ணுக்குத் தெரிஞ்சத சொல்லிடுவா. என் வளைகாப்புக்கு நான் கட்டியிருந்த பொடவையப் பாத்து ஊரே நல்லாருக்குன்னிச்சி. இவ வந்து, கனகா, கலரு ஒனக்கு எடுக்கலடின்னா. எனக்கு ரெண்டு நாளு கோவம். அப்பறம் போட்டோ வந்திச்சி, பாத்தேன். எடுக்கலதான். அவளுக்கு மாமியாரா வரப் போறவங்ககிட்ட சொல்லி வைங்கண்ணே, சாம்பாரு எப்பிடி இருக்குதுன்னு மட்டும் அவகிட்ட கேக்க வேணாம்னு.

வேலயா? அதான் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. அணு ஆராய்ச்சி பண்ற ஆபீஸுல சயின்டிஸ்ட்டு. ஆபீஸு பேரு நீளமா இருக்கும், எனக்கு வாயில நொழையாது. எங்க தெருவுல அந்த மாதிரி வேலைக்குப் போன மொத ஆளு. அந்த வேலதான் கல்யாணத்துக்கும் குறுக்க நிக்குது, போங்க.

ஒங்களுக்கு முன்னாடி சேத்தியாத்தோப்புல இருந்து ஒரு வூட்டுக்காரங்க வந்தாங்க. நல்ல எடம், மாப்ள பேங்குல வேல. பொண்ணு புடிச்சிப் போச்சி, ஜாதகமும் ஒத்துப் போச்சி. கெளம்பற நேரத்துல மாப்ளயோட அம்மா என்னத் தனியா இந்த வெறகு அடுக்குகிட்டக் கூப்ட்டாங்க. ஏம்மா, அணுவுல வேல செய்யுதே, கொழந்த தங்குமான்னாங்க. எனக்கு தூக்கி வாரிப் போட்டுது. அதோட வுட்டாங்களா? ராத்திரியில வெளக்க அணைச்சா மேலு மின்னுமாமேன்னு வேற கேட்டாங்க. நான் என்னா சொன்னேன் தெரியுமா? மின்னுச்சின்னா ஒங்களுக்குக் கரண்டு பில்லு மிச்சந்தான அத்தைன்னேன். அந்த எடம் அன்னியோட போச்சி. மாமா எங்கிட்ட ஒரு வாரம் பேசல. என் வாயி இப்பிடித்தாண்ணே.

ஆனா ஒண்ணு, பயப்பட அதுல ஒண்ணும் இல்ல. அவங்க ஆபீஸுல வேல செய்யறவங்க நெஞ்சுல ஒரு பேட்ஜு மாட்டிக்குவாங்களாம். ஒடம்புல அணுக் கதிரு எவ்ளோ பட்டுதுன்னு அது கணக்கு வச்சிக்குமாம். அளவு தாண்டறதுக்கு முன்னாடியே வேலய மாத்திடுவாங்களாம். இத அவ சொன்னப்ப எங்ககூட வேல செய்யற பாஞ்சாலை அக்கா தாலிக்கயித்தத் தூக்கிக் காட்டி, நம்ம நெஞ்சுல மாட்டியிருக்கறது ஊக்குதான்டி, அது பிஞ்ச ஜாக்கெட்டத்தான் கணக்கு வச்சிக்கும்னாங்க. அப்பிடி சிரிச்சோம். சங்கரி மட்டும் சிரிக்கல.

கட்சியா? யாரு, சங்கரியா? அய்ய, ஓட்டு போடவே லீவு கெடைக்காம வரமாட்டா. ஒங்க பையனுக்கு அரசியலு புடிக்காதோ? கவலப்படாதீங்க. வெளியாளுங்களா? அவளுக்குப் பழக்கம்னா நானு, பாஞ்சாலை அக்கா, அப்பறம் இந்தக் கயலு. இவகிட்டதான் மணிக்கணக்கா பேசுவா. இவளுக்குப் பேச்சு வராது, அதனால ரகசியமும் வெளிய போவாது.

ஆபீஸ பத்தியா? நல்லா கேட்டீங்க. நாங்க எத்தினி வாட்டி தூண்டிப் பாத்திருப்போம்! ஏன்டி, அங்க குண்டு செய்யறாங்களா, நீ கண்ணால பாத்திருக்கியா, எம்மாம் பெருசு இருக்கும்னு. வாயத் தொறக்கணுமே. அவ ஆபீஸ பத்தி இந்தத் தெருவுக்கு வெளியிட்ட ஒரே சங்கதி, கேன்டீனுல தேங்கா சட்னியில தேங்கா இல்லங்கறதுதான்.

டீ போடட்டா? பாலு இருக்குது. சும்மா இருங்கண்ணே, விசாரிக்க வந்தவங்க டீ குடிக்காமப் போனா பொண்ணு வூட்டுக்கு ஆவாதும்பாங்க. தோ, அடுப்பு இங்கதான இருக்குது, ஒங்களப் பாத்துகிட்டே போடறேன்.

சரி, ஒங்ககிட்ட ஒண்ண மறைக்கக் கூடாது. நாளைக்கு ஒங்க காதுல வேற யாராவது வேற மாதிரி போட்டுட்டா? அவ வேல இப்ப ஊசலாடிகிட்டிருக்குதுண்ணே. ஆபீஸுல மெமோ குடுத்திருக்காங்க. பொது சனத்துகிட்ட அனுமதி இல்லாமப் பேசுனியாமே, பீதியக் கெளப்புனியாமேன்னு. மேல இருந்து பெரிய ஆபீஸரு ஒருத்தரு விசாரிப்பாராம், அவரு என்னா எழுதறாரோ அதான் முடிவாம். நல்லபடியா எழுதுனா வேல இருக்கும், இல்லன்னா வூட்டுக்கு வந்துட வேண்டியதுதான். மாமாவுக்கு சோறு எறங்கல. அந்தப் பொண்ணு படிச்ச படிப்புக்கு அவரு எத்தினி வருஷம் அந்த அனலுல நின்னிருக்காரு.

என்னா நடந்துதுன்னு மொதல்ல இருந்து சொல்றேன், நீங்களே சொல்லுங்க அவ செஞ்சது தப்பான்னு.

எங்க யூனிட்டுல பவுடரு வர சாக்கு நல்லா கெட்டியா இருக்கும், மேல படுத்துப் பெரண்டா கூட கிழியாது. காலியான சாக்க நாங்க பொம்பளைங்க பங்கு போட்டு எடுத்தாந்துடுவோம். ஒதறிட்டு, ஒரு அலசு அலசி, நாலஞ்ச ஒண்ணா சேத்துத் தச்சா ஜமக்காளம் தோத்துப் போவும். வடாம் காய வைக்கலாம், மெளகா காய வைக்கலாம். நான் என்னா பண்ணேன், தரை சில்லுன்னு இருக்குதேன்னு இவள அதுமேல போட்டு வெளையாட வுட்டுட்டேன். தவழ ஆரம்பிச்ச நேரம். எல்லா வூட்லயும் அப்பிடித்தான். மேஸ்திரி வூட்ல ரெண்டு சாக்கு ஜாஸ்தியா எடுத்துட்டாங்கன்னு அதுக்கு ஒரு சண்டையே நடந்துது.

பொங்கலுக்கு லீவுல வந்த சங்கரி இவளக் கொஞ்சறதுக்கு வந்தா. வந்தவ சாக்கு மேல ஒக்காந்தா. ஒக்காந்தவ அதுல இங்கிலீஸ்ல எழுதியிருந்ததப் படிச்சா. படிச்சிட்டு புள்ளையத் தூக்கி மடியில வச்சிகிட்டா. நான் பொங்கப் பானைய எறக்கிட்டு வந்து பாக்கறேன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. என்னாடின்னேன். இது எங்கருந்து வந்துதுன்னா. சொன்னேன். ஏன், இதுல ஏதாச்சும் இருக்குதான்னேன். அதுக்கு அவ, தெரியல கனகா, அளந்து பாத்தாதான் சொல்ல முடியும்னா.

எனக்கு அது புதுசா இருந்துதுண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போனா, ஒண்ணுமில்ல போம்மாம்பாங்க. யூனிட்டுல கேட்டா, ஒண்ணுமில்ல வேலயப் பாரும்பாங்க. படிச்சவங்க வாயில தெரியலன்னு ஒரு வார்த்த வந்து நான் கேட்டதே இல்ல. தெரியலன்னு சொன்னதோட அவ போயிருந்தான்னா இந்த மெமோவும் இல்ல, ஒண்ணும் இல்ல.

அடுத்த லீவுக்கு வந்தா, கையில அந்தக் கதிர அளக்கற மெஷினு ஒண்ணு. சோப்பு டப்பா பெருசு.

மெஷினு யாருதா? அவளுதுதாண்ணே. ஆபீஸு பொருளுல ஒரு குண்டூசி கூட எடுத்தார மாட்டா. சொந்தக் காசு போட்டு கம்ப்யூட்டருல ஆர்டரு பண்ணி வாங்குனது. பில்லு கூட இருக்குது, அவ அம்மா அத வச்சிகிட்டு இன்னும் பொலம்பறாங்க, இந்தக் காசுக்கு ஒரு மோதரம் வாங்கியிருக்கலாமேன்னு. ஏண்ணே, மாப்ள வூட்ல மெஷினு பில்லையுமா கேப்பீங்க? சரி சரி, கேளுங்க.

அன்னிக்கு ஞாயித்துக்கெழம. இதே எடத்துலதான். தெருப் பொம்பளைங்க அத்தன பேரும் சுத்தி நின்னோம். சாக்குகிட்ட வச்சா. டிக்கு டிக்குன்னுது. அவ்ளோதான், பாஞ்சாலை அக்கா அய்யோன்னு அலறி நாலு வூடு தாண்டி ஓடிட்டாங்க. சங்கரி கூப்டறா, அக்கா நில்லுங்க, சும்மா காத்துல வச்சாலும் டிக்குன்னும், இதுல கொஞ்சம் சேத்து அடிக்குது, அவ்ளோதான்னு. யாரு நம்பறா? அப்பறம் அவ எங்க மாமியா சீதனமா கொண்டாந்த ஆட்டுக்கல்லுல வச்சிக் காமிச்சா. அதுவும் டிக்கு டிக்குன்னுது. கருங்கல்லுலயும் கொஞ்சம் இருக்குமாம். எங்க மாமியாருக்கு வந்துதே கோவம்! எங்க அப்பா குடுத்த கல்ல குத்தஞ் சொல்றியான்னு சங்கரி மேல பாய்ஞ்சாங்க. இன்னிக்கி வரைக்கும் அந்தக் கல்லுலதான் அரைக்கிறோம், ஆனா அரைக்கும்போதெல்லாம் டிக்கு டிக்குன்னு வாயால சொல்லி அவங்கள வெறுப்பேத்துவேன்.

சங்கரி பொறுமையா சொன்னா. இந்தப் பவுடரு கடலோர மணலுல இருந்து எடுக்கறது. மண்ணுலயே கொஞ்சம் கதிரு கலந்து பொறந்துருக்குது, யாரும் வந்து கலக்கல. இது குண்டு இல்ல. தொட்டா ஒண்ணும் ஆவாது, பக்கத்துல நின்னா ஒண்ணும் ஆவாது. ஆனா தூசியா மூக்குல ஏறி, நெஞ்சுல தங்கி, வருஷக்கணக்கா அங்கயே கெடந்தா நல்லதில்ல. கதிரு கூட அப்பறந்தான், இந்த மாதிரித் தூசியே நெஞ்சுக்கு ஆவாது. அடுப்புகிட்ட குளுரு காயலாம் கனகா, அதுக்குன்னு கங்க முழுங்குவியான்னா. அதனால சாக்க ஒதறாதீங்க, வூட்டுக்கு எடுத்தாராதீங்க, புள்ளய அதுமேல போடாதீங்க, மூஞ்சிக்கு சரியான மாஸ்க்கு கேளுங்க, ஈரத்துணி போட்டுத் தரையத் தொடைங்க. இவ்ளோதாண்ணே அவ பேசுன பேச்சு. இதத்தான் பீதிங்கறாங்க.

நான் கேட்டேன், எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஆயிடுமாடின்னு. ஒண்ணும் ஆவாதுன்னு அவ சொல்லியிருந்தா அன்னிக்கு நிம்மதியா தூங்கியிருப்பேன். அவ என் கையப் புடிச்சிகிட்டு, இது ரொம்பக் கம்மிடி, ஆவறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி, ஆனா இல்லவே இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், இன்னியில இருந்து நிறுத்திடுன்னா. நிறுத்திட்டேன். பாருங்க இவள, பொழுதன்னிக்கும் ஒரு எடத்துல ஒக்காராம ஒங்க பைய மேஞ்சிகிட்டிருக்கா. வுடு கயலு.

சக்கர போதுமா? ஊதிக் குடிங்க, சூடா இருக்குது.

அப்பறம் என்னா, சேதி மொதலாளி காதுக்குப் போச்சி. அவரு காருல வந்து எறங்குனாரு. கலியமூர்த்தி, ஒம் பொண்ணு பெரிய சயின்டிஸ்ட்டு, அத வச்சி ஒரு வார்த்த எல்லாரு முன்னாடியும் சொல்லச் சொல்லு, இதுல ஒண்ணுமே இல்லன்னு. மாமா கைய கட்டிகிட்டு மகளப் பாக்கறாரு. அவ, சார், கொஞ்சம் இருக்குது, தூசிய அடக்குனா சமாளிக்கலாம், வேணும்னா எப்பிடின்னு நானே வந்து சொல்லித் தரேங்கறா. ஒண்ணுமே இல்லன்னு மட்டும் அவ வாயில வரல.

மறுநாளு திருமால் அண்ணன் வந்தாரு. இங்க எதுன்னாலும் போராட்டம்னு மைக்கு கட்டிடுவாரு, நல்ல மனுசந்தான். பிளெக்ஸே அடிச்சிகிட்டு வந்துட்டாரு, அதுல சங்கரி படம், பக்கத்துல மண்டையோடு. பாக்க சகிக்கல. தங்கச்சி, நீ மேடையேறி, இந்த ஊருல அத்தன பேருக்கும் கேன்சரு வரப் போவுதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லு, அப்பறம் பாரு ஆட்டத்தன்னாரு. அதும் நான் சொல்ல மாட்டேண்ணே, நான் அளந்தது அப்பிடி சொல்லலன்னுட்டா. அவருக்கும் கோவம். பிளெக்ஸு காசு வேற வீணாப் போச்சி. இப்ப அது அவரு வூட்டு மாட்டுக் கொட்டாயி மேல கெடக்குது, மண்டையோடு உள்பக்கம்.

எங்களுக்கே அவ மேல கோவந்தாண்ணே. பாஞ்சாலை அக்கா நேராவே கேட்டாங்க. அடியே, உண்டுன்னா உண்டுன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு, ஏன்டி நடுவுல நின்னு எங்கள சாவடிக்கறன்னு. அவ சொன்னா, அக்கா, இல்லன்னு சொன்னா நீங்க நாளைக்கே சாக்க ஒதறுவீங்க, உண்டுன்னு பெருசா சொன்னா யூனிட்ட மூடிடுவாங்க, நீங்க கூலிக்குக் கெணறு வெட்டப் போவீங்க. எனக்குத் தெரிஞ்ச அளவு இதான், இத வச்சி நீங்கதான் முடிவு பண்ணணும், நாங்க தெரிஞ்சிகிட்டு உள்ளயே வச்சிகிட்டா அந்தப் படிப்பு எதுக்குன்னா. பேசிட்டு அழுதுட்டா. பாஞ்சாலை அக்கா அவங்க முந்தானையிலயே மூக்க சிந்தி வுட்டாங்க.

நல்லது நடக்காம இல்ல. நாங்க பத்துப் பதினஞ்சி பேரு மொதலாளிகிட்ட ஒண்ணாப் போயி நின்னோம். மாஸ்க்கு வாங்கிக் குடுத்தாரு, பெரிய ஃபேனு ஒண்ணு போட்டாரு, சாக்கு வெளிய போவக் கூடாதுன்னு போர்டு வச்சாரு. எல்லாம் செஞ்சிட்டு, சங்கரி ஆபீஸுக்கு ஒரு புகாரும் எழுதிப் போட்டாரு. ரெண்டையும் ஒரே மனுசந்தாண்ணே செஞ்சாரு. அந்தப் புகாருக்குத்தான் மெமோ.

அதுல இருந்து அவ எங்ககிட்ட இந்தப் பேச்சே எடுக்கறதில்ல. விசாரண முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவாம். போனு பண்ணா, மழ பெய்யுதா, கயலு நடக்கறாளா, என்னா கொழம்பு, அதோட முடிஞ்சிது.

கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனோம், பிராது கட்ட. ஒங்க ஊருப் பக்கம் தெரியுமா? நம்ம மனக்கொறைய ஒரு பேப்பருல மனுவா எழுதி சாமிகிட்டக் கட்டிட்டு வந்தா, அவரு விசாரிச்சித் தீர்ப்பு சொல்லுவாரு. காணாமப் போன மாடு, குடுத்து ஏமாந்த காசு, எல்லாத்துக்கும் கட்டுவாங்க. எழுத ஒக்காந்தா, யாரு மேல பிராதுன்னு தெரியல. மொதலாளி மேலங்கறாங்க ஒருத்தங்க. மாஸ்க்கு குடுத்தாரே, பாவம்ங்கறாங்க இன்னொருத்தங்க. ஆபீஸு மேல போடலாம்னா அட்ரஸு சரியாத் தெரியல. பவுடரு மேல போடலாமாங்கறாங்க எங்க மாமியா, ஆட்டுக்கல்லு கோவம் இன்னும் போவல. எழுதறவரு பேனாவ மூடிட்டாரு. கடசியா நாந்தான் சொன்னேன், தெரிஞ்சும் சொல்லாதவங்க யாரோ அவங்க மேலன்னு எழுதுங்க, ஆளு யாருன்னு சாமி பாத்துக்கட்டும்னு. எழுதிக் கட்டிட்டு, வாசல்ல முறுக்கு வாங்கித் தின்னுட்டு வந்தோம்.

டீ எப்பிடி இருந்துது? குடுங்க டம்ளர. எங்க எந்திரிக்கறீங்க? கொஞ்சம் ஒக்காருங்க சார்.

ஆமா, சார்தான். எவ்ளோ நேரந்தான் அண்ணே அண்ணேன்னு கூப்டறது? நீங்க மாப்ள வூட்டுக்காரரு இல்லன்னு எனக்கு வந்த ஒடனே தெரிஞ்சிடுச்சி சார். மாப்ள வூட்டுக்காரங்கன்னா வந்து ஒக்காந்ததும் எத்தினி பவுனு போடுவாங்கம்பாங்க. பொண்ணு கலரு கேப்பாங்க. நீங்க பொண்ணு கருப்பா செவப்பான்னு கூட கேக்கல, மெஷினு யாருதுன்னு கேட்டீங்க. அப்பறம், அந்த வெறகு மேல மழைக்கு மூடியிருக்குது பாருங்க பழைய சாக்கு, ஒக்காந்ததும் அதுல இருக்கற இங்கிலீஸப் படிச்சீங்க. அத உத்துப் படிச்ச ஆளு இந்தத் தெருவுல அவளுக்கப்பறம் நீங்கதான்.

கோவிச்சிக்காதீங்க. ஆபீஸருன்னு கூப்ட்டிருந்தா எனக்கு வாயி வராது, நீங்களும் நின்னுகிட்டே நாலு கேள்வி கேட்டுட்டுப் போயிருப்பீங்க. நான் சொன்னதுல ஒரு வார்த்த பொய் இல்ல. யாரும் சொல்லிக் குடுத்தும் சொல்லல, மாமாவுக்கு நீங்க இன்னிக்கு வருவீங்கன்னே தெரியாது. எழுதிக்குங்க. எம் பேரையும் போட்டுக்குங்க. அவளா வந்து பேசல, நான் கேட்டேன், அதுக்கு பதில் சொன்னா.

அது ஒங்க வேல, நீங்க பாத்து எழுதுவீங்க. எனக்கு ஒங்ககிட்ட ஆவ வேண்டியது வேற ஒண்ணு இருக்குது சார்.

இந்த மாசம் எங்க யூனிட்டுல பவுடர மாத்திட்டாங்க. சாக்குல பேரும் இல்ல, ஊரும் இல்ல, லேசா சாம்ப கலரு. என்னா இதுன்னு மேஸ்திரியக் கேட்டேன், வெல கம்மின்னாரு, அது மட்டுந்தான் அவருக்குத் தெரியும். சங்கரிக்குப் போனு போட்டேன். கனகா, இதப் பத்தி நான் பேசக் கூடாதுடின்னா. எனக்கு இப்ப மூணு மாசம் சார். வூட்டுக்காரருக்கும் அவளுக்குந்தான் தெரியும், இப்ப ஒங்களுக்கு. மாமியாருகிட்ட கூட இன்னும் சொல்லல. ஒரு கவருல கொஞ்சம் பவுடரு முடிஞ்சி வெறகுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், புள்ள கைக்கு எட்டாம. நீங்களும் அவ படிச்ச படிப்புதான படிச்சிருப்பீங்க? அத எடுத்துட்டுப் போயி அளந்து பாத்து, நான் அந்த மூட்டைகிட்ட நிக்கலாமா கூடாதான்னு மட்டும் சொல்லுங்க. ஒங்களுக்கும் மேல கேட்டுட்டுத்தான் சொல்லணும்னா, கேட்டுட்டே சொல்லுங்க சார். அவசரமே இல்ல. நாளைக்குக் காலைல எட்டு மணிக்குத்தான் மூட்டையப் பிரிப்பாங்க.